வழிகாட்டியின்றிக் கடலோர நடை

விடுமுறையைக் கழிப்பதற்கு மனிதர் மேற்கொள்ளும் வழிகள் பல. அவற்றுள் மிகப் பழையதும் செலவிற் குறைந்ததும் கால்நடைப் பயணமே. புகையிரதத்திலும் மோட்டார் வண்டியிலும் விரைபவர் ஊரின் முகப்பை மட்டும் காண்பர். நடந்து செல்பவரோ அவ்வூரின் கொல்லைப்புறத்தையும், வேலியையும், கிணற்றையும், அங்கு உழைப்போரின் கைகளையும் காண்பர். ஐரோப்பாவின் தென்கரையை அணைந்து கிடக்கும் மத்தியதரைக் கடலின் ஓரமாக இவ்வாறு நாட்கணக்கில் நடப்பது இக்காலத்திற் பெருவழக்காகியுள்ளது. கூட்டமாகச் சேர்ந்து ஒரு வழிகாட்டியின் பின்னே செல்வோரும் உளர். தாமே திட்டமிட்டுத் தாமே நடப்போரும் உளர். பின்னவர்களைப் பற்றியதே இவ்வுரை.

வழிகாட்டி இல்லாத பயணம் எளிது என்று எண்ணுவோர் பலர். விரும்பிய வேளையில் எழலாம், விரும்பிய இடத்தில் இருக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் வழிகாட்டி என்பவர் பாதையைக் காட்டுவதற்கு மட்டும் கூலி பெறுபவர் அல்லர். இன்று மழை வருமா, இக்குழுவின் மூத்தவரால் இந்த ஏற்றத்தை ஏற இயலுமா, பொழுது சாயுமுன் ஊரை அடையலாமா, எந்த இடத்திற் பயணத்தைக் கைவிட்டுத் திரும்ப வேண்டும் என்பவற்றையெல்லாம் ஓயாது எண்ணிக்கொண்டிருப்பதே அவரது மெய்யான தொழில். அவரை விலக்கிவிட்டால் அவ்வேலை மறைந்துவிடுவதில்லை. அது பயணியின் தலைமேல் வந்து அமர்கிறது. அதனைப் புறப்படுமுன்னரே வீட்டிலிருந்து செய்து முடிப்பதற்குத்தான் திட்டமிடுதல் என்று பெயர்.

இதனை ஓர் உண்மையான இடத்தை வைத்து விளக்குதல் நன்று. இத்தாலியின் வடமேற்கே லிகூரியா என்னும் மாநிலத்தில், லா ஸ்பேத்சியா நகருக்கு மேற்கே, சிங்க்வே தெர்ரே எனப்படும் கடற்கரை உள்ளது. 'ஐந்து நிலங்கள்' என்பது அப்பெயரின் பொருள். மொந்தெரொஸ்ஸோ, வெர்நாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்பன அவ்வைந்து ஊர்கள். மலை நேரே கடலில் இறங்கும் இடங்களிலே, பள்ளத்தாக்கின் வாயிலும் பாறையின் முதுகிலும் இவை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 1997ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இப்பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1999ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு இதனைத் தேசியப் பூங்காவாக்கியது. நோபல் பரிசு பெற்ற கவிஞர் எயுஜேனியோ மொந்தாலே தமது இளமைக்காலக் கோடை விடுமுறைகளைக் கழித்த இடம் மொந்தெரொஸ்ஸோவே.

இந்நிலத்தின் இயல்பை அறியாமல் இங்கு நடக்கத் திட்டமிடுதல் கூடாது. இம்மலைச்சரிவுகளில் இயற்கையான சமநிலம் மிக அரிது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இவ்வூர் மக்கள் சரிவை வெட்டி, சாந்து இல்லாமற் கல்மேற் கல்லடுக்கி மதில்கள் எழுப்பி, அவற்றின் பின்னே மண்ணை நிரப்பிப் படிப்படியாக வயல் அமைத்துத் திராட்சை பயிரிட்டனர். இம்மதில்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினாற் பல ஆயிரம் கிலோமீற்றர் வரும் என மதிப்பிட்டுள்ளனர். இன்று உல்லாசப் பயணிகள் நடக்கும் பாதைகள், அவ்வயல்களுக்கும் மலைமேலுள்ள கோயில்களுக்கும் மக்கள் போய்வந்த பழைய வழிகளேயாம்.

சாந்து இல்லாத மதிலில் ஒரு நுட்பம் உண்டு. மழைநீர் கற்களின் இடுக்குகளால் மெல்ல வடிந்து வெளியேறிவிடும். ஆதலின் மண் ஊறிப் பருத்து மதிலைத் தள்ளுவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் எவராவது பார்த்து, விழுந்த கல்லை எடுத்து வைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் இளைஞர்கள் தொழிற்சாலைகளையும் துறைமுகங்களையும் நாடிச் சென்றனர். வயல்களின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. கவனிப்பாரற்ற மதிலிற் புதர் வேரோடும், காட்டுப்பன்றி கிளறும், கல் உதிரும், நீர் தேங்கும், முடிவில் சரிவே இறங்கிவிடும். அதனோடு பாதையும் இறங்கிவிடும்.

இது வெறும் கற்பனை அன்று. 2011ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25ஆம் திகதி சில மணித்தியாலங்களிற் கொட்டிய பெருமழையினால் வெர்நாட்சாவும் மொந்தெரொஸ்ஸோவும் வெள்ளத்திலும் சேற்றிலும் அமிழ்ந்தன. வெர்நாட்சாவின் நடுத்தெருவில் வீடுகளின் கீழ்த்தளங்கள் சேற்றுக்குள் மறைந்தன. அவ்வூரில் மாத்திரம் மூவர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே 'காதல் வழி' எனப் பெயர் பெற்ற சமதளப் பாதையில் பாறை சரிந்து நால்வர் காயமுற்றனர். ஒரு கிலோமீற்றர் அளவேயான அப்பாதை பன்னிரண்டு ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்து, 2024ஆம் ஆண்டிலேதான், முன்பதிவு செய்தோர் குறித்த நேரத்திற் செல்லலாம் என்னும் கட்டுப்பாட்டுடன் மீண்டும் திறக்கப்பட்டது. கொர்னீலியாவுக்கும் மனரோலாவுக்கும் இடையிலான கரையோரப் பாதையும் மண்சரிவினால் ஆண்டுக்கணக்கில் மூடப்பட்டது.

இவற்றிலிருந்து திட்டமிடுவோர் கொள்ள வேண்டிய முதற்பாடம் யாதெனில், அச்சிட்ட நூலையோ நண்பர் சொன்ன சொல்லையோ நம்பிப் பாதையைத் தீர்மானித்தலாகாது என்பதாம். சென்ற ஆண்டு திறந்திருந்த வழி இவ்வாண்டு மூடியிருக்கலாம். பூங்கா நிருவாகம் ஒவ்வொரு பாதையின் நிலையையும் நாள்தோறும் அறிவிக்கிறது. பயணத்தை எண்ணும்போது ஒருமுறை, புறப்படும் வாரத்தில் ஒருமுறை, நடக்கும் நாட்களிற் காலைதோறும் ஒருமுறை அதனைப் பார்த்தல் வேண்டும். பாதைகளின் எண்களும் மாறியுள்ளன. பழைய வரைபடங்களில் 2 எனக் குறித்த கரையோரப் பாதை இன்று 592 எனப்படுகிறது. பழைய படத்தைக் கையிற் கொண்டு புதிய கைகாட்டியைப் பார்ப்பவர் சந்தியில் நின்று திகைப்பர்.

இரண்டாவது, பருவம். மத்தியதரைக் கடற்கரையின் கோடை மழையற்றது. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் நிழலில்லாத கற்படிகளில் நண்பகலில் ஏறுதல், வெப்ப நாட்டிற் பிறந்தவர்க்கும் கேடு பயக்கும். ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலோ கோடை முழுதும் சூடேறிய கடலின் ஈரக்காற்று கரையை ஒட்டிய மலைகளில் மோதிப் பெருமழையாகப் பொழியும். 2011இல் நேர்ந்ததும் அதுவே. ஆதலின் ஏப்ரல் நடுவிலிருந்து யூன் தொடக்கம் வரையும், செப்டெம்பர் மாதமும் நடப்பதற்கு ஏற்றவை. இவற்றுள்ளும் உயிர்த்த ஞாயிறு வாரத்தையும், இத்தாலியின் பொது விடுமுறை நாட்களான ஏப்ரல் 25, மே 1, யூன் 2 ஆகியவற்றையும் தவிர்த்தல் நலம். ஐந்து ஊர்களிலும் சேர்த்துச் சில ஆயிரம் மக்களே வாழும் இடத்திற்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். ஒருவர் பின் ஒருவராகவே செல்லக்கூடிய பாதையில் நெரிசல் ஏற்படுமாயின் அதுவும் ஓர் ஆபத்தே.

பகற்பொழுதின் நீளமும் கருதத்தக்கது. இலங்கையில் ஆண்டு முழுவதும் மாலை 6 மணியை ஒட்டியே சூரியன் மறைவதைக் கண்டு பழகியவர்கள் இதனை மறந்துவிடுதல் இயல்பு. லிகூரியாவில் ஏப்ரல் நடுவில் மாலை 8 மணியளவிலும் வெளிச்சம் இருக்கும்; நவம்பர் தொடக்கத்திலோ 5 மணி கடந்த சிறிது நேரத்திற் சூரியன் மறைந்துவிடும். வசந்தத்தில் ஆறுதலாக நடந்து முடிக்கும் வழியிலேயே இலையுதிர் காலத்தில் இருள் வந்து சூழும்.

மூன்றாவது, தூரத்தைக் கணக்கிடும் முறை. அனுபவமற்றோர் பெரிதும் தவறுவது இங்கேதான். மொந்தெரொஸ்ஸோவிலிருந்து வெர்நாட்சாவுக்குத் தூரம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர். வீதியில் நடந்தால் முக்கால் மணித்தியாலம் போதும். ஆனால் அவ்விடத்தில் அதற்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்குதல் வேண்டும். நூற்றுக்கணக்கான ஒழுங்கற்ற கற்படிகளில் ஏறி, மீண்டும் அத்தனை படிகளில் இறங்க வேண்டியிருப்பதே காரணம். 1892ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதி கூறினார். அதனை இன்றைய அளவைகளிற் சொன்னால், 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். அதன்மேல், ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னுமொரு மணித்தியாலம். ரியோமஜ்ஜோரேயிலிருந்து போர்த்தோவேனெரே வரையுள்ள ஏறத்தாழ 13 கிலோமீற்றர் வழியில், ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் சுமார் 700 மீற்றர் வரும். நெய்ஸ்மித் விதிப்படி நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அவ்விதி திடமான நடையாளருக்கு உரியது. இறக்கத்தையும், வழுக்குங் கல்லையும், இளைப்பாறுதலையும் அது கணக்கிற் கொள்ளவில்லை. அவ்வழிக்கு ஐந்து மணித்தியால நடை என்பதே வழக்கமான கணக்கு. உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணித்தியாலம் கூட்டிக்கொள்பவரே பொழுதோடு ஊர் சேர்வர்.

நான்காவது, தங்குமிடம். நாள்தோறும் ஊர் மாறித் தங்குவது ஒரு முறை. ஓரிடத்தை நிலையாக வைத்துக்கொண்டு, காலையிற் புறப்பட்டு மாலையில் அங்கேயே திரும்புவது மற்றொரு முறை. சிங்க்வே தெர்ரேக்கு இரண்டாவது முறையே பொருந்தும். 1874ஆம் ஆண்டிலேயே இக்கரையோரமாக, மலைகளைக் குடைந்து, புகையிரதப் பாதை அமைக்கப்பட்டுவிட்டது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடங்களிற் செல்லலாம். மேற்கு முனையிலுள்ள லெவந்தோவிலோ கிழக்கிலுள்ள லா ஸ்பேத்சியாவிலோ தங்கினால் செலவும் குறையும். பாரமான பெட்டியைச் சுமக்க வேண்டியதும் இல்லை. இவற்றினும் மேலாக, களைத்துவிட்டால் அடுத்த ஊரில் நடையை நிறுத்திவிடும் சுதந்திரம் கிடைக்கிறது. புகையிரத நேரசூசி வழிகாட்டியின் வேலையிற் பாதியைச் செய்கிறது எனலாம். ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை படகுகளும் ஓடுகின்றன. ஆனால் கடல் கொந்தளித்தால் அவை நிறுத்தப்படும். குன்றின்மேல் அமைந்த கொர்னீலியாவுக்குப் படகுத்துறை கிடையாது. அவ்வூரின் புகையிரத நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறுவதற்கே ஏறத்தாழ 380 படிகள் உள்ளன என்பதையும் நினைவிற் கொள்க.

இவற்றைக் கருத்திற் கொண்டு ஆறு நாட்களுக்கு ஒரு திட்டத்தை இவ்வாறு வகுக்கலாம். முதல் நாள் லெவந்தோவிலிருந்து மெஸ்கோ முனையைக் கடந்து மொந்தெரொஸ்ஸோ வரை சுமார் மூன்று மணித்தியால நடை. உடலின் நிலையை அறிந்துகொள்ள இது போதும். இரண்டாம் நாள் மொந்தெரொஸ்ஸோவிலிருந்து வெர்நாட்சா வழியாகக் கொர்னீலியா. இப்பகுதிக்குப் பூங்காவின் அனுமதிச் சீட்டு பெறுதல் வேண்டும். மேலுள்ள மலைப்பாதைகளுக்குக் கட்டணம் இல்லை. கூட்டம் மிகுந்த நாட்களில் சில பகுதிகளை ஒருவழிப் பாதையாக்கும் வழக்கமும் உண்டு. ஆதலின் எத்திசையில் நடப்பது என்பதையும் முன்னரே விசாரித்தல் வேண்டும். மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் கொர்னீலியாவிலிருந்து மலைமேலுள்ள வொலாஸ்த்ராவுக்கு ஏறி, திராட்சைத் தோட்டங்களின் ஊடாக மனரோலாவுக்கு இறங்குதல். மதில்களையும் அவற்றைக் காப்போரின் உழைப்பையும் மிக அருகிற் காணக்கூடிய வழி இதுவே.

ஐந்தாம் நாளை வெறுமையாக விடுதல் வேண்டும். மழையோ களைப்போ ஒரு நாளைப் பறித்துக்கொண்டால் அதனை ஈடுசெய்ய இது உதவும். இந்த வெற்று நாள் இல்லாத திட்டம், மழையிலும் நடக்குமாறு மனிதரைக் கட்டாயப்படுத்துகிறது. விபத்துக்களுட் பல பாதையினால் நேர்வன அல்ல. நாளையே ஊர் திரும்ப வேண்டுமே, இன்றே முடித்துவிடுவோம் என்னும் அவசரத்தினால் நேர்வன.

ஆறாம் நாள் ரியோமஜ்ஜோரேயிலிருந்து மொந்தெநேரோ கோயிலுக்கு ஏறி, 500 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரத்திலுள்ள தெலெக்ராபோ கணவாயைக் கடந்து, கம்பீலியா என்னும் சிற்றூர் வழியாகப் போர்த்தோவேனெரேயை அடைதல். இது மிகக் கடினமான நாள். இவ்வழியிற் புகையிரதம் இல்லை. தெலெக்ராபோவில் வாகன வீதியும் கம்பீலியாவிலிருந்து லா ஸ்பேத்சியாவுக்கு பஸ்ஸும் உண்டு. ஆனால் அந்த பஸ் அடிக்கடி ஓடுவதில்லை. அதன் நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. கம்பீலியாவை அடையும்போது நேரம் எத்தனை மணியைக் கடந்திருந்தால் மேலே நடவாமல் அங்கேயே நிறுத்துவது என்பதையும் அத்தாளில் முதல் நாளிரவே எழுதிவிட வேண்டும். களைத்துப் போனவன் நல்ல தீர்ப்புச் சொல்ல மாட்டான். தெளிந்த மனத்துடன் முன்னர் எழுதியதை அப்போது படித்து நடப்பதே பாதுகாப்பு.

சுமையைப் பற்றிச் சில சொற்கள். பிடிமானமுள்ள அடியுடைய, முன்னரே அணிந்து பழகிய சப்பாத்து முதன்மையானது. திறந்த செருப்புடன் இப்பாதைகளில் நடப்பதற்குப் பூங்கா விதிகள் இடந்தரவில்லை. ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் நீர், தொப்பி, மழையங்கி, சிறு டோர்ச் விளக்கு, காயத்துக்குக் கட்டும் துணி ஆகியன போதும். ஊர்களிற் பொதுக் குழாய்கள் உண்டு. இடையே மலையில் நீரை எதிர்பார்த்தல் ஆகாது. கைத்தொலைபேசியில் வரைபடம் இருப்பினும் தாளில் அச்சிட்ட படமொன்றும் வேண்டும்; மின்கலம் தீர்ந்தால் தாள் பேசும். பாதை நெடுகிலும் கல்லிலும் மரத்திலும் செவ்வண்ணமும் வெள்ளையும் தீட்டிய அடையாளங்கள் காணப்படும். நெடுநேரம் அவ்வடையாளம் கண்ணிற் படாவிடின் முன்னே செல்லாது, கடைசியாகக் கண்ட இடத்துக்குத் திரும்புவதே முறை. ஆபத்து வேளையில் அழைக்கும் எண் 112. வானிலை எச்சரிக்கை செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறமாக அறிவிக்கப்படும் நாளிற் பாதைகள் மூடப்படும், அன்று நடக்கலாகாது.

இலங்கையிலிருந்து செல்வோர்க்கு வேறு சில கடமைகளும் உள. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் இத்தாலிக்குச் செல்ல ஷெங்கன் விசா பெறுதல் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு உட்பட்டும் பதினைந்து நாட்களுக்கு முற்பட்டும் விண்ணப்பித்தல் விதி. தங்குமிட ஒழுங்குகளையும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதியையும் காட்டுதல் வேண்டும். அக்காப்புறுதி மலைப்பாதை நடையையும் அங்கிருந்து மீட்டு வரும் செலவையும் உள்ளடக்குகிறதா என்பதைப் பத்திரத்தைப் படித்து அறிந்துகொள்ளல் நன்று.

இறுதியாக ஒன்று. இப்பாதை பயணிகளுக்காக அமைக்கப்பட்டதன்று. அது ஒருவரின் வயலுக்குச் செல்லும் வழி. சாந்து இல்லாக் கற்கட்டுக் கலையை 2018ஆம் ஆண்டில் இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் மரபுச் செல்வமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. அந்தப் பெருமை மதிலைத் தாங்கிவிடாது. கல்லைத் தூக்கி வைக்கும் கைகளே தாங்கும். குறுக்குவழி தேடி மதிலின்மேல் ஏறுபவர் ஒரு கல்லை அசைத்தால், அடுத்த மழையில் அந்த இடைவெளியால் மண் இறங்கும். மதிலிற் கால் வையாது நடப்பதும், நெரிசலற்ற பருவத்திற் செல்வதும், அவ்வூர் உழவரின் திராட்சையையும் ஒலிவ எண்ணெயையும் விலை கொடுத்து வாங்குவதும், அவ்வழியைப் பயன்படுத்துவோர் செலுத்தத்தக்க சிறு கடன்களாகும். திட்டமிடும் தாளில் நேரத்துக்கும் தூரத்துக்கும் அருகே இவற்றுக்கும் ஒரு வரி இடம் ஒதுக்கப்பட வேண்டும்.